புத்தாண்டில் வீட்டை ஒதுங்க வைப்பது எப்படி: முதன்முதலாக இறங்குகிறவர்களுக்கு

வீட்டுக்குள் சாமான் வருவதற்கு ஆயிரம் வழி இருக்கிறது. நாமே வாங்குகிறோம், பரிசாக வருகிறது, ஒன்று வாங்கினால் ஒன்று சும்மா கொடுக்கிறார்கள், யாரோ "கொஞ்ச நாள் வைத்துக்கொள்" என்று விட்டுப் போகிறார்கள். வெளியே போவதற்கு மட்டும் யாராவது தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு. வரவு தினமும் நடக்கிறது. போக்கு வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் இடுப்பு ஒடிய ஒரே நாளில். வீடு அடைசலாவதற்கு நான் கண்ட காரணம் இதுதான். சோம்பலைச் சொல்லிப் பயனில்லை. நாள் முழுக்கப் பெருக்கித் துடைக்கிறவர்கள் வீட்டிலும் பரண் நிறைந்துதான் இருக்கிறது.

பல வருஷம் நானும் புத்தாண்டு பிறந்ததும் ஒரே மூச்சில் வீட்டைக் கவிழ்த்துப் போட்டேன். இரண்டு நாள் வேலை, மூன்றாம் நாள் உடம்பு வலி, இரண்டே மாதத்தில் பழைய கதை. வாரம் ஒரு பையாவது வாசலைத் தாண்ட வேண்டும் என்று வைத்துக்கொண்ட பிறகுதான் வீடு மாறியது. கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த ஒரு பையைச் சுற்றித்தான்.

புத்தாண்டில் தொடங்குவதில் அர்த்தம் உண்டா என்று சிலர் கேட்பார்கள். உண்டு. ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் என்ற மூவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம், மாதம், வருஷம் பிறக்கும் சமயங்களில் மக்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவது கூடுகிறது என்று காட்டினார்கள். பழையதை ஒரு கோடு போட்டு நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்கும் தெம்பு அந்த நாட்களில் வருகிறது. இதில் எனக்குப் பிடித்தது, வருஷப் பிறப்பு ஒன்றுதான் என்றாலும் மாதப் பிறப்பு 12 இருக்கிறது, வாரப் பிறப்பு 52 இருக்கிறது என்பது. ஜனவரியில் விட்டுப் போனால் பிப்ரவரி முதல் தேதி காத்திருக்கும்.

முதல் படி: எதையும் தொடாமல் ஒரு சுற்று

முதல் நாள் ஒரு பொருளைக்கூட நகர்த்தாதீர்கள். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வாசலில் தொடங்கி ஒவ்வோர் அறையாக நடந்து வாருங்கள். "அழகாக இல்லை" என்று எழுத வேண்டாம், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. தினமும் எங்கே கை தடுக்குகிறது, எங்கே எரிச்சல் வருகிறது என்று எழுதுங்கள். "கிளம்பும்போதெல்லாம் சாவி தேடுகிறேன்." "கீழே இருக்கும் பாத்திரத்தை எடுக்க மேலே உள்ள ஐந்தையும் இறக்க வேண்டியிருக்கிறது." "நாற்காலியில் துணி குவிந்திருப்பதால் யாரும் உட்கார முடியவில்லை." இப்படிப் பத்துப் பன்னிரண்டு வரி வரும். அப்படியே ஒவ்வோர் அறையையும் வாசற்படியில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்களுக்கு டிசம்பரில் வேலை இருக்கிறது.

இந்தப் பட்டியலில் உங்களை அதிகமாகத் தொந்தரவு செய்கிற மூன்றைச் சுழித்து வையுங்கள். முதல் வேலை அவைதான். விருந்தாளி கண்ணில் படும் இடத்தைவிட உங்கள் கால் தினமும் இடறும் இடம் முக்கியம். அங்கே ஓர் இடம் சரியானால் மறுநாள் காலையிலேயே பலன் தெரியும், அந்தப் பலன்தான் அடுத்த வாரத்துக்கு உங்களை இழுத்துப் போகும்.

இரண்டாம் படி: இலக்கை எழுதுவது

"இந்த வருஷம் வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வேன்" என்று எழுதினால் அது ஆசை. அதை எப்போது தொடங்குவது, எங்கே முடிந்தது என்று சொல்வது என்பதற்குப் பதில் இல்லை. நல்ல இலக்கில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: எந்த இடம், எந்த நாள், எவ்வளவு நேரம், முடிந்தது என்பதற்கு என்ன அடையாளம். உதாரணத்துக்கு ஒன்று: "சனிக்கிழமை காலை குளித்து முடித்ததும் 20 நிமிடம், படுக்கையறை அலமாரியின் நடுத்தட்டு. ஒரு சட்டையை இழுத்தால் பக்கத்துச் சட்டை கூடவே வராமல் இருந்தால் முடிந்தது." இதை யாரிடம் கொடுத்தாலும் செய்துவிடலாம். அந்த அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும்.

ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். குளித்ததும், சாப்பிட்டுக் கை கழுவியதும், கதவைத் தாழிட்டதும் என்று. "நேரம் கிடைக்கும்போது" என்று எழுதியது எதுவும் எங்கள் வீட்டில் நடந்ததில்லை.

வருஷத்துக்கு 52 வாரம் இருக்கிறதே என்று 52 மூலையும் குறித்துவிடக் கூடாது. காய்ச்சல் வரும், ஊருக்குப் போக வேண்டியிருக்கும், வேலை நெருக்கும். மாதத்துக்கு இரண்டு இடம் போதும், வருஷத்துக்கு 24. மீதி வாரங்கள் விட்டதைப் பிடிக்க. சுழித்து வைத்த மூன்றும் முடிந்த பிறகு எந்த வரிசையில் என்றால், மனசு வலிக்காததிலிருந்து தொடங்குங்கள். குளியலறை, மருந்துப் பெட்டி, அடுக்களை டப்பாக்கள். அப்புறம் துணி. அப்புறம் காகிதம். ஃபோட்டோ, கடிதம், போனவர்களின் பொருட்கள் எல்லாம் கடைசியில், வருஷத்தின் பின்பாதியில். வேண்டும் வேண்டாம் என்று சொல்வதும் பழக்கத்தில் வருகிற காரியம்தான். காலாவதியான களிம்பில் பழகிய கை, அம்மாவின் கண்ணாடிக் கூட்டைத் தொடும்போது தடுமாறாது.

இன்னொன்று, இந்த வேலைக்காக முன்கூட்டியே டப்பாவும் கூடையும் வாங்கிக் குவிக்காதீர்கள். எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாமல் வாங்கிய கூடையும் கடைசியில் ஒரு சாமானாகத்தான் நிற்கும்.

மூன்றாம் படி: ஒரே ஒரு டிராயர்

கையில் ஒன்றைச் செய்து பார்க்காமல் இதெல்லாம் புரியாது. எங்கள் மேஜை டிராயர் ஒன்றில் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

டிராயரை முழுசாக வெளியே இழுத்து, தரையில் ஒரு பழைய போர்வையை விரித்துக் கவிழ்த்தேன். உள்ளே இருந்தபடியே துழாவி வேண்டாததைப் பொறுக்கினால் வேலை நடக்காது. எல்லாவற்றையும் வெளியே எடுத்தால்தான் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். 43 பொருள். அதில் எழுதாத பேனா ஒன்பது. எந்தப் பூட்டுக்கு என்று யாருக்கும் தெரியாத சாவி நான்கு. வீட்டை விட்டுப் போய் நாலு வருஷமான சலவை இயந்திரத்தின் உத்தரவாத அட்டை, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக. கத்தரிக்கோல் மூன்று. அதில் ஒன்று போன மாதம் வாங்கியது, வீட்டில் கத்தரிக்கோலே இல்லை என்று நினைத்து.

அந்தக் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அடைசல் இடத்தை அடைக்கும் என்று தெரியும். இருப்பதையே இல்லாததாக்கிவிடும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

வெளியே எடுத்ததை ஐந்து குவியலாகப் பிரியுங்கள். இங்கேயே இருக்க வேண்டியது. வீட்டில் வேறு இடத்தில் இருக்க வேண்டியது. யாருக்காவது பயன்படுவது. குப்பை. முடிவெடுக்க முடியாதது. ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் கையில் எடுக்க வேண்டும். எடுத்தால் ஏதாவது ஒரு குவியலில் வைத்துவிட்டுத்தான் அடுத்தது. வேறு அறைக்குப் போக வேண்டியதைக் கொண்டுபோய் வைக்க உடனே எழுந்திருக்காதீர்கள். எழுந்தால் அங்கே வேறொரு வேலை பிடித்துக்கொள்ளும், திரும்பி வருவதற்குள் 20 நிமிடமும் போய்விடும். கடைசியில் ஒரே நடையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்.

எங்கள் டிராயருக்குள் திரும்பப் போனவை 14. பிடித்த நேரம் 18 நிமிடம்.

மனசு விடாதபோது கேட்க வேண்டிய கேள்வி

"என்றைக்காவது உதவும்" என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும். தன் கையில் இருக்கிறது என்பதாலேயே ஒரு பொருளின் மதிப்பு மனசில் ஏறிவிடுகிறது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தாலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு காபிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, எவ்வளவு கொடுத்தால் விற்பாய் என்று கேட்டார்கள். கோப்பை இல்லாதவர்களிடம் எவ்வளவுக்கு வாங்குவாய் என்று கேட்டார்கள். வைத்திருந்தவர்கள் சொன்ன விலை, வாங்குகிறவர்கள் சொன்னதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கோப்பை கைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அப்படியென்றால் பத்து வருஷம் கூட இருந்த பொருளை விட மனசு வராததில் என்ன ஆச்சரியம்?

அதனால் "இதை விட்டுவிடலாமா" என்று கேட்காதீர்கள், பதில் எப்போதும் வேண்டாம் என்றுதான் வரும். "இது என்னிடம் இல்லையென்று வைத்துக்கொள்வோம், இன்றைக்குத் தேடிப் போய் வாங்குவேனா?" என்று கேளுங்கள். கேள்வியைத் திருப்பிப் போட்டாலே பாதிப் பொருள் தானாக நகர்ந்துவிடும். கொட்டிக் கொடுத்து வாங்கினோமே என்ற வருத்தம் இருந்தால், அந்தப் பணம் வாங்கிய அன்றே போய்விட்டது. அலமாரியில் வைத்திருப்பதால் அது திரும்பி வராது, அலமாரிதான் போகும்.

அதற்கும் மசியாதவை ஐந்தாம் குவியல். அவற்றை ஒரு பெட்டியில் போட்டு ஒட்டி, மேலே ஆறு மாதம் தள்ளி ஒரு தேதி எழுதிவிடுங்கள். அந்தத் தேதி வரைக்கும் தேடிப் போய் எதையாவது எடுத்திருந்தால் அது வீட்டுக்கு வேண்டியது. பெட்டியைத் தொடவே இல்லையென்றால் உங்களுக்கே பதில் தெரிந்துவிடும். ஒரு பெட்டிதான், இரண்டாவது பெட்டி கிடையாது.

நான்காம் படி: வாசலைத் தாண்ட வைப்பது

பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான். தரம் பிரித்து, மூட்டை கட்டி, மூலையில் வைத்துவிடுவார்கள். மூட்டை மூன்று மாதம் அங்கேயே இருக்கும், பிறகு யாராவது அவிழ்த்துப் பார்த்து "இது நல்லாத்தானே இருக்கு" என்று பாதியைத் திரும்ப உள்ளே எடுத்துப் போவார்கள். கட்டிய மூட்டை 7 நாளுக்கு மேல் வீட்டில் இருக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கெட்டியான பையை மாட்டி வையுங்கள். கொடுக்க வேண்டியதெல்லாம் அதில் விழட்டும். வாரத்தில் எந்த நாள் அவற்றைக் கொடுக்கும் இடத்தின் பக்கம் போவீர்களோ அந்த நாள்தான் பையின் நாள்.

கொடுப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. கிழிந்ததையும் ஓட்டை உடைசலையும் அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள். நீங்கள் ஒரு நண்பருக்குக் கூசாமல் கொடுப்பீர்கள் என்றால் கொடுங்கள். துவைத்து, பித்தான் தைத்து, ஜோடி சேர்த்து. மற்றது குப்பை, அல்லது துடைக்கும் துணி.

சில பொருட்களை அப்படியே குப்பையில் போடக் கூடாது. பழைய ஃபோன், லேப்டாப், பவர் பேங்க் இவற்றில் லித்தியம் பேட்டரி இருக்கும். நசுங்கினாலோ துளைபட்டாலோ தீப்பிடிக்கும். தனிப் பேட்டரியாக இருந்தால் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். உப்பிப்போன பேட்டரியை அழுத்தவோ பிரிக்கவோ செய்யாமல், எரியும் பொருட்களிலிருந்து தள்ளி வைத்துச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள். ஃபோனைக் கொடுக்குமுன் படங்களை வேறிடத்தில் சேமித்து, கணக்குகளிலிருந்து வெளியேறி, முழுசாக அழித்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். காலாவதியான மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டாதீர்கள், தண்ணீரில் கலக்கும். மருந்துக் கடையில் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். கணக்கு எண், கையெழுத்து உள்ள காகிதங்களைக் கிழித்துப் போடுங்கள்.

துணி, காகிதம், நினைவுகள்

துணிக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. எல்லா ஹேங்கரையும் கொக்கி உங்களைப் பார்க்கும்படி திருப்பி மாட்டுங்கள். ஒரு துணியைப் போட்டுத் துவைத்து மறுபடி மாட்டும்போது சரியான பக்கம் மாட்டுங்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பாமலே இருக்கும் ஹேங்கர்கள் உண்மையைச் சொல்லும். மடித்து வைக்கிறவர்கள், துவைத்து வந்ததை எப்போதும் அடுக்கின் வலது பக்கம் வைத்தால் போதும். போடாதவை தானாக இடது கோடிக்கு ஒதுங்கிவிடும். "இளைத்ததும் போடுவேன்" என்ற துணியைப் பற்றி ஒன்று மட்டும்: அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அது உங்களைக் குறை சொல்வதாக இருந்தால் அதை வைத்திருக்க வேண்டியதில்லை.

காகிதத்தில் மூன்றே வகை. செய்ய வேண்டியது, வைத்திருக்க வேண்டியது, போட வேண்டியது. செய்ய வேண்டியது கண்ணில் படும் ஒரு தட்டில். வைத்திருக்க வேண்டியவற்றில் பிறப்பு, படிப்பு, சொத்து, காப்பீடு சம்பந்தப்பட்ட மூலப் பத்திரங்கள் ஒரே கோப்பில், தண்ணீர் படாத உயரத்தில், எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்தபடி. கடை பில்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல பில்கள் வெப்பத்தில் கறுக்கும் பூச்சுள்ள தாளில் அச்சாகின்றன. நாளாக ஆக, வெயிலும் சூடும் பட எழுத்து மங்கிவிடும். உத்தரவாதத்துக்குத் தேவையான பில்லை வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள்.

நினைவுப் பொருட்களில் அவசரமே வேண்டாம். ஒரு பெட்டி, இவ்வளவு பெரியது என்று முதலில் தீர்மானித்துவிடுங்கள். அதற்குள் அடங்குவது எது என்று தேர்ந்தெடுக்கும்போது, எதைத் தூக்கிப் போடுவது என்ற துக்கம் போய், எது உண்மையிலேயே பிரியமானது என்ற தேடலாகிவிடும். ஒருவர் விட்டுப்போன முப்பது பொருளில் அவர் கை பட்டுத் தேய்ந்தது ஒன்று இருக்கும். அது போதும் என்று தோன்றும் நாள் வரும். வரவில்லையென்றால் மூடி வைத்துவிட்டு அடுத்த வருஷம் பாருங்கள்.

அடுத்தவர் பொருளைத் தொடாதீர்கள்

ஒருமுறை ஆர்வக் கோளாறில் அக்கா மகனின் தகர டப்பா ஒன்றைக் கொட்டிவிட்டேன். உள்ளே இருந்தது கூழாங்கற்கள். எனக்குக் கல். அவனுக்கு ஒவ்வொன்றும் ஒரு பயணம். எந்தக் கல்லை எங்கே எடுத்தான் என்று அவனுக்குத் தெரியும். மூன்று நாள் தேடினான், அழவில்லை. நான்காம் நாள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கினான். வெற்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் யாருடைய பொருளையும் கேட்காமல் நகர்த்துவதில்லை.

உங்கள் அலமாரி, உங்கள் மேஜை, உங்கள் பக்கம் என்று தொடங்குங்கள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். பொது இடங்களைப் பற்றி உட்கார்ந்து பேசுங்கள். குழந்தைகளிடம் "எதைக் கொடுத்துவிடலாம்" என்பதைவிட "இந்தத் தட்டில் எதெல்லாம் வைக்கலாம், நீயே சொல்" என்றால் அழகாகப் பிரித்துவிடுவார்கள்.

எதையுமே விட முடியாமல், கட்டிலிலும் அடுப்படியிலும் நடக்கும் வழியிலும் பொருள் குவிந்து, விட நினைத்தாலே பதறுகிறவர்கள் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் இதைத் தனி மனநலப் பிரச்சினையாகவே வகைப்படுத்தியது. அவர்கள் வீட்டை ஒரே நாளில் காலி செய்வது பெரிய கொடுமை. பயிற்சி பெற்ற மனநல உதவி கிடைத்தால் மெல்ல மெல்ல மாற வழி உண்டு.

ஐந்தாம் படி: ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம்

மிஞ்சியதை அடுக்கும்போது, எங்கே பயன்படுத்துகிறீர்களோ அதற்குப் பக்கத்தில் வையுங்கள். தினமும் எடுப்பது இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவே. மாதம் ஒருமுறை எடுப்பது கீழே. வருஷத்துக்கு ஒருமுறை எடுப்பதுதான் பரணுக்கு. எடுப்பதைவிடத் திரும்ப வைப்பது சுலபமாக இருக்க வேண்டும், ஒரு கையால் முடிய வேண்டும். மூடியைத் திறந்து, மேலே உள்ளதை நகர்த்தி, குனிந்து வைக்க வேண்டியிருந்தால் அது மேஜைமேல்தான் கிடக்கும். தட்டில் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். டப்பாவில் பெயர் எழுதி ஒட்டினால் "அது எங்கே" என்ற கேள்வி வீட்டில் பாதியாகக் குறையும்.

பிறகு அப்படியே வைத்திருப்பது

இரவு படுக்குமுன் 10 நிமிடம். அன்றைக்கு இடம் மாறியதை அதனதன் இடத்தில் வைப்பது மட்டும்தான், பெருக்குவதும் துடைப்பதும் இதில் சேராது. புதிதாக ஒன்று வந்தால் அதே வகையில் ஒன்று போக வேண்டும். அவசரமில்லாத எதையும் வாங்குமுன் ஒரு தாளில் தேதியோடு எழுதி 30 நாள் விடுங்கள். எழுதியதில் பலவற்றை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

பழக்கமாக எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால், 21 நாள் என்று பலர் சொல்வார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைக் கவனித்து வெளியிட்ட ஆய்வில் வந்த கணக்கு, நடுவாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. அதே ஆய்வில், நடுவே ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை என்றும் தெரிந்தது. ஆகவே ஒரு ராத்திரி அசந்து தூங்கிவிட்டால் அதற்காக வருந்த வேண்டாம், மறுநாள் ராத்திரி தொடருங்கள்.

மாதக் கடைசியில் நோட்டை எடுத்து இரண்டே எண்களை எழுதுங்கள்: எத்தனை பை வெளியே போனது, எத்தனை இடம் முடிந்தது. இரண்டும் பூஜ்யமாக இருக்கும் மாதமும் வரும். அப்போது இலக்கைக் குறையுங்கள், 20 நிமிடத்தை 5 ஆக்குங்கள், அலமாரியை ஒரு தட்டாக்குங்கள். நாள் மட்டும் மாற வேண்டாம்.

டிசம்பர் கடைசி வாரத்தில் அதே வாசற்படிகளில் நின்று அதே படங்களை மறுபடி எடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஜனவரியில் சுழித்து வைத்த அந்த மூன்று வரியைப் படியுங்கள். இன்னும் கை தடுக்கிறதா என்று பாருங்கள். தடுக்காதவற்றை அடித்துவிட்டு, பட்டியலில் அடுத்திருக்கும் மூன்றைச் சுழியுங்கள்.